சோழமண்டலம் என்றொரு குடும்பப்பெயர்

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’ நாவல் 1811-ல் வெளிவந்தது. அதில் காதலன் கைவிட்டுப் போன துக்கத்தில் மரியான் படுத்துக் கிடப்பாள். அவளுக்காகத் திருமதி ஜென்னிங்ஸ் ஒரு கிளாஸ் நிறைய பழைய ஒயின் எடுத்துக்கொண்டு வருவார். செத்துப்போன தன் கணவருக்கு வாதநோய் வலி வரும்போதெல்லாம் இதுதான் மருந்து என்பார். மரியான் அப்போதுதான் தூங்கியிருப்பாள். அக்கா எலினோர் அந்த ஒயினைத் தானே வாங்கிக் குடித்துவிடுவாள். உடைந்த மனசுக்கு இது கேட்குமா என்று சோதித்துப் பார்க்க அவளுக்கும் காரணம் இருந்தது. நாவலில் சத்தமில்லாமல் சிரிக்க வைக்கிற இடங்களில் ஒன்று அது.

அந்த ஒயினின் பெயர் கான்ஸ்டான்ஷியா. ஆப்பிரிக்காவின் தென்முனையில், கேப் டவுனுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரண்மனைகளில் அதற்கு அப்படி ஒரு மவுசு. செயிண்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது போனது. டிக்கன்ஸின் கடைசி நாவலில் வருகிறது, போதலேரின் கவிதையிலும் வருகிறது. ஒரு ஒயினுக்கு இதைவிட நல்ல இலக்கிய விளம்பரம் அமையாது.

அந்தப் பண்ணை இன்றும் இருக்கிறது. பெயர் க்ரூட் கான்ஸ்டான்ஷியா. யார் வேண்டுமானாலும் போகலாம், ஒயினைச் சுவைத்துப் பார்க்கலாம், மதியம் அங்கேயே சாப்பிடலாம். அலுவலக வேலையாகக் கேப் டவுனில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை நானும் போனேன். இந்தக் கட்டுரை அந்த ஒயினைப் பற்றியதுதான். ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாகப்பட்டினத்தைத் தொடாமல் முடிக்க முடியாது.

1

ஒயின் என்றாலே நமக்குக் கொஞ்சம் குழப்பம். நம்மூர் ‘ஒயின் ஷாப்’பில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்த காலத்தில் வளர்ந்தவன் நான். அதனால் ஒயின் சுவைத்தல் என்கிற சடங்கு எனக்கு ஒரு யூடியூப் விஷயமாகத்தான் இருந்தது. நேரில் பார்த்தால் அவ்வளவு ஆடம்பரமில்லை. நீளமான மேசை, வரிசையாகச் சின்னச் சின்னக் கிளாஸ்கள், விருப்பமில்லாவிட்டால் துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஊற்றிக் கொடுக்கும் பெண் முதலில் நிறத்தைப் பார்க்கச் சொல்கிறார். பிறகு சுழற்றி முகரச் சொல்கிறார். கடைசியில்தான் வாய். நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். காபியை ஆற்றிக் குடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கடைசியாக வந்தது இனிப்பு ஒயின். அம்பர் நிறம். ஆரஞ்சுத் தோல், உலர்ந்த ஆப்ரிகாட், தேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பழநிப் பஞ்சாமிர்தம்தான் ஞாபகம் வந்தது. அதே அடர்த்தி, அதே உலர்பழ வாசனை, ஆனால் கடைசியில் ஒரு புளிப்பு வந்து திகட்டாமல் காப்பாற்றிவிடுகிறது.

இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் பொறியியல். சாதாரணமாகத் திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். சர்க்கரை தீர்ந்தால் ஒயினில் இனிப்பு மிஞ்சாது. ஆனால் பழத்தைக் கொடியிலேயே விட்டு, பாதி உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கும்வரை காத்திருந்து பறித்தால் சாறு குறைந்து சர்க்கரை ஏறிவிடும். அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் பாதி வழியிலேயே திணறி நின்றுவிடுகிறது. அது தின்னாமல் விட்ட மிச்சம்தான் இனிப்பு. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், நிறைய பழத்துக்குக் கொஞ்சம் ஒயின்தான் கிடைக்கும். குலை குலையாகப் பார்த்து, எது சுருங்கிவிட்டது, எது அழுகிவிட்டது என்று பிரித்துக் கையால் பறிக்க வேண்டும். அங்கே அறுவடைக்காலம் பிப்ரவரி, மார்ச். நல்ல வெயில்.

அதாவது இது ஆட்கள் நிறைய தேவைப்படும் ஒயின். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஆட்கள் யார் என்ற கேள்விக்குப் பண்ணையிலேயே பதில் இருக்கிறது. பழைய பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே அடிமைகளின் வரலாற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மறைக்கவில்லை. ஆனால் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை வேகமாகக் கடந்து சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

2

கேப்பில் டச்சுக்காரர்கள் 1652-ல் வந்து இறங்கினார்கள். நாடு பிடிக்க வந்தவர்கள் இல்லை. ஆம்ஸ்டர்டாமுக்கும் பட்டேவியாவுக்கும் நடுவில் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிவிட ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை மோட்டல் மாதிரி. கோய்கோய் மக்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த நிலத்தில் அந்த மோட்டல் எழுந்தது. தளபதி யான் வான் ரீபெக் திராட்சைக் கொடிகளை வரவழைத்து நட்டார். 1659 பிப்ரவரியில் முதல் சாறு பிழியப்பட்டதைத் தன் குறிப்பேட்டில் கடவுளுக்கு நன்றியோடு பதிந்திருக்கிறார். அதற்கு முந்தைய வருஷம்தான், 1658-ல், ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்திலிருந்து பெருந்தொகையாக அடிமைகளை ஏற்றிக்கொண்டு முதல் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்திருந்தன. கேப்பில் ஒயினுக்கும் அடிமைமுறைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

1679-ல் சைமன் வான் டெர் ஸ்டெல் தளபதியாக வந்தார். இவருடைய கதை ஒரு நாவலுக்குக் காணும். பிறந்தது கப்பலில், மொரீஷியஸ் போகும் வழியில். அப்பா ஆட்ரியான் கம்பெனி அதிகாரி, இலங்கையில் கண்டி ராஜ்ஜியத்துடனான மோதலில் 1646-ல் கொல்லப்பட்டார். அம்மாவின் அம்மா மோனிகா என்கிற இந்தியப் பெண், அடிமையாக இருந்து விடுதலையானவர். ஆவணங்கள் அவரைக் கோவாக் கரையோடு சேர்த்துச் சொல்கின்றன. ஆக, தென்னாப்பிரிக்க ஒயினின் தந்தை என்று கொண்டாடப்படும் மனிதரின் பாட்டி ஓர் இந்திய அடிமை. அதனால் அவருக்கு அடிமைகள்மீது தனி இரக்கம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அவரும் அடிமைகளை வைத்துத்தான் பண்ணையை உருவாக்கினார்.

அந்தப் பண்ணைக்கான நிலத்தை 1685-ல் அவருக்கு வழங்கியவர் அங்கே ஆய்வுக்கு வந்த கம்பெனி ஆணையர் ஹென்ட்ரிக் வான் ரீடே. 763 ஹெக்டேர். இந்தப் பெயரைக் கேட்டதும் தாவரவியல் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்தபோது ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற பிரம்மாண்டமான தாவர நூலைத் தொகுக்க வைத்தவர் அவர்தான். 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் போன்றவர்கள் சொன்ன அறிவுதான் அதன் அடித்தளம். அதிலுள்ள படங்களில் செடியின் உள்ளூர்ப் பெயர் மலையாள எழுத்திலேயே செதுக்கப்பட்டிருக்கும். லத்தீனில் எழுதினாலும் உள்ளூர்ப் பெயரை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அந்த வேலையில் தெரிகிறது.

இதே மனிதர் கேப்பில் கம்பெனியின் அடிமை விடுதியையும் ஆய்வு செய்தார். விடுதலைக்கு விதிகள் வகுத்தார், குழந்தைகளுக்குப் படிப்பு வேண்டும் என்றார். அவர் காலத்து அளவுகோலில் மோசமானவர் இல்லை. பிறகு கப்பலேறி சோழமண்டலக் கரைக்கு வந்தார். பழவேற்காட்டில் இருந்த டச்சுத் தலைமையகம் 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறியதில் அவருக்குப் பங்கு உண்டு. 1691-ல் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்தார். சூரத்தில் அவருக்குப் பெரிய சமாதி இருக்கிறது.

ஒரே அதிகாரியின் பயணப் பாதையில் கான்ஸ்டான்ஷியாவும் நாகப்பட்டினமும் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. கம்பெனிக்கு இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

3

நாகப்பட்டினத்தை 1658-ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமைக்குள் மீண்டும் மீண்டும் புகுந்தன. வயல்கள் அழிந்து பஞ்சம் வந்தது. 1659-க்கும் 1661-க்கும் நடுவில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்று டச்சு ஆவணங்களைப் படித்த வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். மிச்சப் பேர் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும். அந்த நூற்றாண்டின் மிச்ச வருஷங்களிலும் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் இந்த வியாபாரம் சூடுபிடித்தது. தஞ்சைச் சீமையில் நெல் விளையாத வருஷங்களில் ஆட்கள் மலிவானார்கள்.

இதில் டச்சுக்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. கம்பெனி ஊர் ஊராகப் போய் வலை வீசிப் பிடிக்கவில்லை. விற்க வந்தவர்களிடம் வாங்கியது. நடுவில் உள்ளூர்த் தரகர்கள் இருந்தார்கள். பசியில் பிள்ளையை விற்ற பெற்றோர் இருந்தார்கள், தன்னையே விற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். மண்ணோடு சேர்த்து ஆளையும் எழுதிக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் கப்பல்கள் வருவதற்கு முன்பே இருந்தது. வெள்ளைக்காரன் புதிதாகக் கொண்டுவந்தது கடலின் தூரத்தைத்தான்.

கேப்புக்கு இந்தியர்கள் பெரும்பாலும் சில்லறையாகத்தான் போனார்கள். இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஊர் திரும்பும் கம்பெனி அதிகாரிகள் தங்களுக்கென்று ஓரிரு அடிமைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுவார்கள். ஹாலந்தில் அடிமைகளை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வழியில் கேப்பில் நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஐபோன் வாங்கி வந்து இங்கே விற்பது போல என்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் கணக்கு அதுதான். 1652-லிருந்து 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர். அதில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து. மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து.

கேப்பில் இறங்கியதும் முதலில் பறிபோனது பெயர். கம்பெனி எழுத்தர்களுக்கு ஒரு வசதியான முறை இருந்தது. ஒரு டச்சுப் பெயர், அதற்குப் பின்னால் ‘வான்’, அதற்குப் பின்னால் வாங்கிய இடம். வான் என்றால் ‘ஊரைச் சேர்ந்த’ என்று அர்த்தம். வான் பெங்கால், வான் மலபார், வான் சிலோன், வான் கோரமண்டல். பெயர் யோசிக்கச் சோம்பலாக இருந்தால் மாசத்தின் பெயர். செப்டம்பர், பிப்ரவரி என்றெல்லாம் இன்றும் கேப்பில் குடும்பப்பெயர்கள் இருக்கின்றன.

கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் ஐரோப்பிய உச்சரிப்பு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ராஜராஜன் காலத்துப் பெருமிதம் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சொல், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஏலத்தில் விற்ற ஆட்களின் பெயருக்குப் பின்னால் ஓர் அடையாளச் சீட்டாகத் தொங்கியது. டேட்டாபேஸில் வேலை செய்கிற எனக்கு அதைப் பார்த்தபோது உடனே தோன்றியது, இது பெயரே இல்லை, ஒரு ‘சோர்ஸ்’ காலம் என்பதுதான். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் குறிக்கிற கட்டம். அந்தக் கட்டத்திலும் துல்லியம் கிடையாது. கோரமண்டல் என்று எழுதியிருந்தால் அவர் தமிழர்தான் என்று சொல்லிவிட முடியாது. மசூலிப்பட்டினத்திலிருந்து ஏறிய தெலுங்கராக இருக்கலாம். பிறந்த ஊர் ஒன்று, விற்ற துறைமுகம் வேறொன்றாக இருக்கலாம். எழுத்தருக்கு அது முக்கியமில்லை.

இந்த இடத்தில்தான் ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னை உறுத்த ஆரம்பித்தது. அதே கம்பெனி, அதே காலம், சில சமயம் அதே அதிகாரி. ஒரு செடிக்கு அதன் ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் எழுத்திலேயே செம்புத்தகட்டில் செதுக்கி வைத்தார்கள். அதே கரைகளிலிருந்து ஏற்றிய மனிதரிடம் உன் பெயர் என்ன என்று கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்பதால் லாபம் இருந்த இடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

4

சைமன் வான் டெர் ஸ்டெல் 1712-ல் இறந்ததும் பண்ணை மூன்றாகப் பிரிந்தது. 1778-ல் ஹென்ட்ரிக் க்ளூட்டே என்பவர் க்ரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கிச் சீரமைத்தார். ஐரோப்பாவில் புகழ் உச்சிக்குப் போனது இவருக்குப் பிறகுதான். 1791-ல் இவர் கட்டிய ஒயின் கிடங்கு இன்னும் நிற்கிறது. அதன் முகப்பில் சிற்பி ஆன்டன் ஆன்ரைத் செய்த ஒரு புடைப்புச் சிற்பம். குண்டுக் குழந்தைகள், திராட்சை, நடுவில் ஒரு பெரிய கழுகு, அதோடு ஓர் இளைஞன்.

அந்த இளைஞன் கானிமீட். கிரேக்கக் கதையில் ட்ராய் நகரத்துப் பையன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனைக் கழுகு உருவத்தில் வந்த ஜீயஸ் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். எதற்கு? தேவர்களுக்கு மது ஊற்றிக் கொடுக்க. ஊரிலிருந்து கடத்தப்பட்டு, பெரிய இடத்தில் மது பரிமாறும் வேலைக்கு வைக்கப்பட்ட பையனின் கதையை, கடத்தி வரப்பட்டவர்கள் சுமந்து வந்து நிரப்பிய கிடங்கின் நெற்றியில் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். க்ளூட்டேவோ ஆன்ரைத்தோ இதைக் குத்தலாக நினைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. மது என்றால் கானிமீட், அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் இருந்தது கண்ணில் படவில்லை.

1834 டிசம்பர் 1 அன்று கேப்பில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஆனால் ‘பயிற்சிக்காலம்’ என்று பெயர் வைத்து மேலும் நாலு வருஷம் அதே எஜமானர்களிடம் வேலை பார்க்க வைத்தார்கள். நஷ்டஈடு எஜமானர்களுக்குத் தரப்பட்டது, விடுதலையானவர்களுக்கு இல்லை. 1838-க்குப் பிறகு நிலமில்லாத, வீடில்லாத மனிதர்கள் திரும்ப அதே பண்ணைகளுக்கே கூலிகளாகப் போனார்கள்.

அங்கே ‘டாப்’ என்றொரு முறை காத்திருந்தது. கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகக் கொடுப்பது. காலையில் ஒரு குவளை, நடுவில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பண்ணைக்காரருக்கு விற்காத சரக்கு தீர்ந்தது, கூலி மிச்சமானது, போதைக்குப் பழகிய ஆள் வேறு எங்கும் போகமாட்டான் என்ற உத்தரவாதமும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் சட்டம் தடை செய்த பிறகும் பல பண்ணைகளில் இது நீடித்தது. கர்ப்பத்தில் மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இன்றும் மேற்குக் கேப்பின் ஒயின் வட்டாரங்கள் இருக்கின்றன. அரண்மனைக்கு ஒரு ஒயின், கூலிக்கு ஒரு ஒயின். இரண்டும் ஒரே மண்.

அரண்மனை ஒயினுக்கும் நல்ல முடிவு வரவில்லை. பிரிட்டன் தந்துவந்த இறக்குமதிச் சலுகை 1861-ல் போனது, ஏற்றுமதி சரிந்தது. 1880-களில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வேர்களைத் தின்றது. நொடித்துப்போன க்ரூட் கான்ஸ்டான்ஷியாவை 1885-ல் அரசாங்கம் வாங்கியது. புகழ்பெற்ற இனிப்பு ஒயின் கிட்டத்தட்ட நூறு வருஷம் காணாமல் போயிருந்தது. பக்கத்துப் பண்ணையான க்ளைன் கான்ஸ்டான்ஷியா 1986 அறுவடையிலிருந்து அதைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. பிறகு க்ரூட் கான்ஸ்டான்ஷியாவும். நான் குடித்தது அப்படி மீட்டெடுத்த சுவை.

5

மதியச் சாப்பாட்டுக்கு ‘பொபோட்டி’ வாங்கினேன். மஞ்சள், மசாலா, உலர்திராட்சை போட்டு வதக்கிய கொத்துக்கறி, மேலே முட்டையும் பாலும் ஊற்றி அவனில் சுட்டது. மஞ்சள் சோறு, பக்கத்தில் இனிப்பும் காரமுமாக ‘ப்ளாட்யாங்’ சட்னி. இதைக் கேப் மலாய் சமையல் என்கிறார்கள். எஜமானர் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் உருவாக்கியது. அந்த மெனுக்களில் ‘அச்சார்’ உண்டு, ‘ரோட்டி’ உண்டு, ‘பிரெயானி’ உண்டு, ‘கெர்ரி’ உண்டு. கெர்ரி நம்ம கறிதான். மலாய் என்று ஒரே பெயரில் அடைத்தாலும் அந்தச் சட்டியில் ஜாவா, வங்காளம், மலபார், சோழமண்டலம் எல்லாம் சேர்ந்து கொதித்திருக்கின்றன. பெயர் போனாலும் கைப்பக்குவம் போகவில்லை. எழுத்தருக்கு அதைப் பிடுங்கிக்கொள்ளும் வழி தெரியவில்லை.

எழுத்தும் முழுசாகப் போய்விடவில்லை. கேப் டவுன் நகரத்தில் கம்பெனியின் அடிமை விடுதி இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே குழந்தைகளுக்குப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தவர் யான் ஸ்மீஸிங். 1697-ல் அந்த விடுதியிலேயே அடிமையாகப் பிறந்தவர், 1734-ல் இறந்தார். அவருடைய குறிப்பேடு ஒன்று கேப் ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருக்கிறது. அதில் தமிழில் எழுதிய மருந்துக் குறிப்புகள் இருக்கின்றன.

அதே காலத்தில் நிக்கோலாஸ் ஒண்டாச்சி என்பவர் கொழும்பிலிருந்து 1728-ல் கேப்புக்கு நாடுகடத்தப்பட்டார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ‘தி இங்லிஷ் பேஷன்ட்’ எழுதிய மைக்கேல் ஒண்டாச்சியின் குலப்பெயரும் இதுவே. ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவருக்குத் தமிழில் கடிதம் எழுதினார்கள். திரும்பிப் போகாமலே 1737-ல் செத்துப்போனார். அவர் உடைமைகளோடு அந்தக் கடிதங்களும் கம்பெனி காப்பகத்துக்குப் போய், அதனாலேயே தப்பித்தன. டச்சு அறிஞர் ஹெர்மன் டீக்கன் அவற்றைப் படித்து, மொழிபெயர்த்து 2015-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒண்டாச்சி அடிமை இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரி. அதனால்தான் அவருக்குக் கடிதம் வந்தது. வான் கோரமண்டல்களுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் எந்தப் பெயருக்கு அனுப்புவது?

சோழர்கள் கடாரம் போனதைப் பற்றி நம்மிடம் நாவல் இருக்கிறது, சினிமா இருக்கிறது, வாட்ஸாப் ஃபார்வேர்டு இருக்கிறது. 1025-ல் அந்தக் கரையிலிருந்து கப்பல் கிளம்பியது பாடப்புத்தகத்தில் வருகிறது. 1660-ல் அதே கரையிலிருந்து கப்பல் கிளம்பியது வருவதில்லை. முதல் கப்பலில் போனவர்கள் நம் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவது கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் நம் முன்னோராக இருக்கலாம், ஏற்றிவிட்டுக் காசு எண்ணியவர்களும் நம் முன்னோராக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு, இல்லாவிட்டால் வம்சப் புகழ்ச்சி.

கேப் டவுனில் பழைய டச்சுத் தேவாலயத்துக்கு எதிரே ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே 2008-ல் கறுப்புக் கிரானைட் கற்கள் 11 வைத்தார்கள். உட்காரும் உயரம்தான். அடிமைகளின் பெயர்களை அவற்றில் வெட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு எஜமானர்கள் வைத்த பெயர்களை. வேறு பெயர் கிடைக்கவில்லை. அலுவலகம் போகிறவர்கள் மதிய நேரத்தில் அந்தக் கற்களில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். சில பெயர்கள் நம் எழுத்துக்குள் எளிதாக வந்தன, சில வரவில்லை.